நூல், பொழுது, பெண்: செட்டிநாட்டிலிருந்து சில குறிப்புகள்

1

ராட்டை என்றதும் நம்மவர்களுக்கு இரண்டு பிம்பங்கள்தான் வருகின்றன. ஒன்று, அரசு அலுவலகச் சுவரில் தொங்கும் காந்தி படம். இன்னொன்று, அக்டோபர் 2 அன்று கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, அறுந்த நூலைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கும் அமைச்சர். நூற்பு பற்றிய பேச்சைத் தொடங்கும் முன்பே இந்த இரண்டும் முடித்துவைத்துவிடுகின்றன. கூலிக்காக அல்லாமல், யாரும் கட்டாயப்படுத்தாமல், பிடித்துப்போய் வீட்டில் உட்கார்ந்து நூல் நூற்பது என்ற காரியத்துக்கு ஒரு வரலாறு உண்டா, உண்டென்றால் அது யாருடைய வரலாறு என்று கேட்பதற்காகவே இந்தக் குறிப்புகள். காரைக்குடியில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. போகப்போக அது தெரியும்.

தமிழில் நூல் என்பது இழைக்கும் பெயர், புத்தகத்துக்கும் பெயர். பனுவலும் அப்படியே. இதை மேடைகளில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நன்னூலில் இந்த ஒப்புமை விரிவாகவே வருகிறது. சொல் பஞ்சு, பனுவல் இழை, புலவன் நூற்கும் பெண், அவன் வாய் அவள் கை, அவன் மதி அவள் கதிர். புலவனை விளக்க இங்கே ஒரு பெண்ணின் கை தேவைப்படுகிறது. அந்தக் கை எப்படி வேலை செய்யும் என்பது படிக்கிற எல்லோருக்கும் தெரியும் என்று இலக்கணம் நம்புகிறது. விளக்கம் முடிந்ததும் பெண்ணுக்கு அங்கே வேலையில்லை. எழுதப்படும் நூல் ஆணிடமும் நூற்கப்படும் நூல் பெண்ணிடமும் தங்கிப்போகின்றன. இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கும் மொழி, இரண்டையும் ஒரே கையில் கொடுக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் நற்றிணையில் ஆண் துணையற்ற பெண்கள் தம் உழைப்பால் நூற்ற நுண்ணிய நூல் வருகிறது. புறநானூற்றில் பருத்தி வேலை செய்யும் பெண்ணொருத்தியின் சின்ன விளக்கு இராத்திரியில் எரிகிறது. அந்த நற்றிணைப் பெண்களுக்கு நூற்பது பொழுதுபோக்கு அல்ல, வயிற்றுப்பாடு. துணையில்லாத பெண்ணுக்கு ஊர் விட்டுவைத்த வேலை அது.

2

இந்த வயிற்றுப்பாடுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் செத்தது. ஆங்கிலேயன் இந்தியக் கைத்தறியை உடைத்தான், ராட்டையை அழித்தான் என்று 1853இல் மார்க்ஸ் எழுதியதை நம் தோழர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் ஒரு வேறுபாட்டை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தறி முழுதாகச் சாகவில்லை. லங்காஷயர் ஆலை நூலையும், பிறகு உள்நாட்டு ஆலை நூலையும் வாங்கிப் போட்டுக்கொண்டு நெசவாளர் இழுத்துப்பறித்து உயிரோடிருந்தார்கள். காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கித் தறிகள் இன்றும் ஓடுகின்றன; 2019இல் அந்தச் சேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ராட்டைக்கு அந்த வாய்ப்பே இல்லை. நெய்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், நூற்றவர்கள் பெண்கள். ஆகவே கைத்தொழில் அழிவு என்று நாம் பொதுவாகச் சொல்வதன் முதல் அடி விழுந்தது பெண் கையில். சாதிச் சங்கமோ, நெசவுத் தெருவோ, மனு எழுத ஆளோ இல்லாத அந்தக் கைகள் ஓசையில்லாமல் சும்மாயின.

காந்தி ராட்டையைத் தேடியபோது அது கிடைக்கவில்லை. கங்காபென் மஜும்தார் என்ற பெண்மணி அலைந்து திரிந்து பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் கண்டுபிடித்தார். அங்கே ராட்டைகள் உபயோகமற்ற சாமான்களாகப் பரணில் கிடந்தன. தொழிலாகச் செத்து, பரணுக்குப் போய், அங்கிருந்து இறக்கப்பட்ட பிறகுதான் நூற்பு விரதமாகவும் விருப்பமாகவும் மாற முடிந்தது. எல்லாப் பொழுதுபோக்குக்கும் பின்னால் இப்படி ஒரு செத்த தொழில் இருக்கலாம்.

1924 டிசம்பரில் பெல்காம் காங்கிரஸ் ஒரு விதி செய்தது. உறுப்பினராக இருக்க மாதம் 2,000 கஜம் நூல் தர வேண்டும். உடம்பு முடியாதவர்கள், விருப்பமில்லாதவர்கள் வேறொருவர் நூற்ற நூலைக் கொடுக்கலாம் என்று அதிலேயே ஒரு வழியும் இருந்தது. தேசபக்தி நூலிலும் கூலிக்கு ஆள் வைக்க முடிந்தது என்பது இதன் பொருள். ஓராண்டுக்குள், 1925 செப்டம்பரில் பாட்னாவில், கட்டாயம் தளர்ந்தது. அகில இந்திய நூற்போர் சங்கம் பிறந்தது. அதே ஆண்டில்தான் தாகூர் ராட்டை வழிபாட்டை விமர்சித்து எழுதினார். எல்லோரையும் ஒரே காரியத்தைச் செய்யச் சொல்வது மனத்தை மழுக்கும் என்பது அவர் கவலை. காந்திக்கு அது வேள்வி. இந்த விவாதத்தில் இருவருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு: நூற்கிறவளுக்கு அது பிடித்திருந்ததா? நூற்பவர்களுக்கு வாழப் போதுமான கூலி தர வேண்டும் என்ற தீர்மானத்துக்கே சங்கம் 1935இல்தான் வந்து சேர்ந்தது. இன்பத்தைப் பற்றிக் கேட்க யாருக்கு நேரம்?

3

1927 செப்டம்பரில் கதர் நிதிக்காகத் தமிழ்நாட்டில் சுற்றிய காந்தி செட்டிநாட்டுக்கும் வந்தார். பர்மா, இலங்கை, மலேயா வட்டிப் பணத்தில் எழும்பிய அரண்மனை வீடுகளைப் பார்த்தார். அயல்நாட்டுச் சாமான்களை அடைத்து வைத்திருப்பதைப் பற்றி வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். அந்த வீடுகளின் இன்னொரு உண்மை சாமான்களில் இல்லை, பொழுதில் இருந்தது. ஆண்கள் கொண்டுவிக்கப் போய்விட, ஆண்டுக்கணக்காகப் பெண்கள் இரண்டாம் கட்டில் காலம் தள்ளினார்கள். கொட்டான் முடைவது, மணி கோப்பது, பூத்தையல் என்று செட்டிநாட்டுக் கைவேலைகள் இவ்வளவு நுணுக்கமாக வளர்ந்ததற்கு அந்தப் பொழுதும் ஒரு காரணம். அதே வீட்டில் வடித்துக்கொட்டிப் பாத்திரம் தேய்த்த பெண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரே கூரையின் கீழ் பொழுது போகாதவர்களும் பொழுது போதாதவர்களும் இருந்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், தொண்ணூறை நெருங்கிய ஆச்சி ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் சித்தி ஒருவர் சிறு வயதில் தாலியறுத்தவர், ராட்டை சுற்றியவர்.

“ஆச்சி, அவுக பிடிச்சுத்தான் நூத்தாகளா?”

“பிடிச்சு நூத்தாகளோ என்னமோ தம்பி, அதையெல்லாம் யாரு கேட்டா? ராட்டைக்கு முன்னால உக்காந்துட்டா அவுகளை யாரும் கூப்பிட்டு வேலை ஏவ மாட்டாக. காந்தி வேலை பாக்குறாகன்னு விட்டுருவாக. அந்த ஒரு மணி நேரந்தான் அவுகளுக்குன்னு இருந்துச்சு.”

வேள்வி, பொருளாதாரம், சுயராஜ்யம் என்று எழுதப்பட்ட பக்கங்கள் எல்லாவற்றையும்விட இந்த நாலு வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூட்டுக் குடும்பத்தில் விதவையின் உடம்பு எல்லோருடைய ஏவலுக்கும் உரியது. தேசத்தின் பெயரால் ஒரு மணி நேரம் அந்த உடம்பு ஏவலுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறது. தேசியம் அவளுக்குக் கொடுக்க நினைத்தது கடமையை. அவள் அதை ஒதுங்கும் இடமாக மாற்றிக்கொண்டாள். அதிகாரம் கொடுக்கும் கருவியைக் கொண்டே அதிகாரத்திலிருந்து கொஞ்சம் விலகி நிற்பது என்பது இதுதான். இதற்கு ஃபூக்கோவைத் தேடிப் போக வேண்டியதில்லை, ஆச்சியே சொல்லிவிட்டார்.

ஆனால் இதோடு திருப்திப்பட்டுவிட முடியாது. அதே காரைக்குடியில் வேறொரு பதிலும் இருந்தது. ‘குமரன்’ நடத்திய சொ. முருகப்பாவும் விதவையான மரகதவல்லியும் 1929இல் திருமணம் செய்துகொண்டார்கள். 1936இலிருந்து மரகதவல்லியை ஆசிரியராகக் கொண்டு ‘மாதர் மறுமணம்’ என்ற இதழே இந்த ஊரிலிருந்து வந்தது. விதவைக்கு ராட்டையைக் கொடுப்பதா, வாழ்க்கையைக் கொடுப்பதா என்ற கேள்வியை அது நேராக வைத்தது. காந்தியும் 1927 பயணத்திலேயே சென்னை மாணவர்களிடம் பால்ய விதவைகளை மணக்கச் சொன்னவர்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் வீடுகள் ராட்டையைத்தான் சுலபமாக ஏற்றுக்கொண்டன. விதவை நூற்பதால் சொத்துக்கோ சாதிக்கோ ஆபத்தில்லை. சித்தியின் ஒரு மணி நேரம் உண்மையானது. மீதி இருபத்து மூன்று மணி நேரமும் உண்மையானதுதான்.

4

துணியைப் பற்றிப் பேசினால் இந்த மண்ணில் இன்னொன்றையும் பேசியாக வேண்டும். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி மேலாடையைக் களைந்து அரையாடைக்கு மாறினார். ஒன்பது ஆண்டு கழித்து, 1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்கு எதிராக எட்டுத் தடைகள் அறிவிக்கப்பட்டன. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பொன், வெள்ளி நகை, குடை, செருப்பு கூடாது. 1931இல் தடைகள் பதினொன்றாயின. ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். 1934இல் தீண்டாமை எதிர்ப்பு யாத்திரையாக இந்தப் பக்கம் வந்த காந்தி தேவகோட்டையில் நாட்டார்களிடம் இதைப் பற்றிப் பேசவும் செய்தார்.

ஒருவருக்கு அரையாடை தியாகம். இன்னொருவருக்கு அது தண்டனை. வாங்க வசதியிருந்தும் முரட்டுத் துணியைத் தேர்ந்துகொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. எது உடுத்தலாம் என்று மற்றவன் தீர்மானிக்கும்போது அந்தச் சுகத்துக்கு இடமே இல்லை. எளிமையின் அழகியல் பேசுகிற நாம் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்ற ஈ.வெ.ரா. 1925இல் காஞ்சிபுரத்தில் காங்கிரசை விட்டு வெளியேறி, பின்னர் கதரையும் விட்டதற்குப் பின்னால் இந்த முரணும் இருக்கிறது என்று படிக்க முடியும்.

5

இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் நானும் நூற்கிறேன். என்னிடம் ஒரு தக்ளியும் ஒரு பெட்டி ராட்டையும் இருக்கின்றன. இடது கை பஞ்சுப்பட்டையைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுக்க, வலது கை சக்கரத்தைச் சுற்றுகிறது. இழுப்பு முந்தினால் நூல் அறுகிறது. முறுக்கு முந்தினால் சுருண்டு முண்டு விழுகிறது. இரண்டும் ஒத்துப்போகிற அந்த இடத்தைப் புத்தகம் சொல்லித்தர முடியாது. விரல் நுனிக்கு ஒரு நாள் தெரிந்துவிடுகிறது. அறுந்தால் நுனியைப் பஞ்சோடு சேர்த்துச் சுற்றினால் ஒட்டிக்கொள்ளும். தவறு நிரந்தரமல்ல என்பதே பெரிய ஆறுதல்.

கணக்கும் பார்த்தேன். ஒரு ராத்தல் நூலில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை என்பதே நூலின் நம்பர். 20ஆம் நம்பர் என்றால் ராத்தலுக்கு 16,800 கஜம். என் கைக்கு மணிக்கு 200 கஜம் வந்தாலே பெரிசு. அப்படியானால் 84 மணி நேரம். பஞ்சு கொட்டுவது, பட்டை போடுவது, நெசவு எதுவும் இதில் சேரவில்லை. இதைக் கூலியாக மாற்றிப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். எனக்கு இது இன்பமாக இருப்பது, இந்தக் கணக்கு என் அடுப்பைத் தொடாததால்தான்.

கூலிக்கு நூற்றவர்களின் தேவை வேறு. அதற்கு விடை தேடியவரும் ஒரு தமிழர். 1949 வாக்கில் திருநெல்வேலிப் பக்கத்து ஏகாம்பரநாதன் புது ராட்டை ஒன்றைச் செய்தார். அம்பர் சர்க்கா என்ற பெயரே அவர் பெயரிலிருந்து வந்தது. ஐம்பதுகளின் நடுவில் அரசு அதை ஏற்றுக்கொண்டு நாடெங்கும் பரப்பியது. ஆலையில் போலவே உருளைகள் பஞ்சை இழுக்கின்றன, பல கதிர்கள் ஒருசேர ஓடுகின்றன, கை சுற்றினால் போதும். விரல் நுனியின் அறிவு உருளைக்குப் போய்விட்டது. நூல் கூடியது, கூலியும் கூடியது. ஒற்றைக் கதிர்தான் அழகு என்று நான் வாதாடினால், அது சும்மா இருக்க முடிந்தவனின் அழகியல். அம்பரில் உட்கார்ந்தவளுக்கு உருளை கெட்டதல்ல.

இந்த ஊரின் கல்லூரிகளுக்குள்ளும் நூல் ஓடுகிறது. அழகப்பச் செட்டியார் 1937இல் கொச்சி சமஸ்தானத்தில் நிறுவியது பஞ்சாலை. அவருடைய வியாபாரச் செல்வம்தான் இங்கே கல்வி நிலையங்களாயிற்று. பவணந்தி பிரித்து வைத்த இரண்டு நூலும், வேறொரு வழியில், பணத்தின் மூலமாக, மறுபடி சந்தித்துக்கொண்டன.

இடதுசாரி மரபில் வந்த நமக்கு இன்பம் என்றாலே ஒரு கூச்சம். உழைப்பைச் சுரண்டலாக மட்டும் படிக்கப் பழகியதால், உழைக்கும் கை தன் வேலையில் காணும் ருசியைச் சந்தேகிக்கிறோம். அந்த ருசியை மேல்தட்டுப் பொழுதுபோக்கிடம் விட்டுக்கொடுத்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு என்று தொழிலாளர் இயக்கம் கேட்டதே, பிடித்ததைச் செய்யப் பொழுது வேண்டும் என்றுதானே? நூற்பின் இன்பம் பொய்யல்ல. அதற்கான பொழுது எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை என்பதே பிரச்சினை.

கதர் மையங்களில் அம்பர் சுற்றிய பெண்கள் இன்னமும் நம் ஊர்களில் இருக்கிறார்கள், வயதாகி. அவர்களிடம் போகிற தோழர்கள் கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று கட்டாயம் கேட்க வேண்டும். கூடவே, வேலையில் எது பிடித்திருந்தது, எந்த நேரம் தனக்கென்று இருந்தது என்றும் கேட்டு எழுதி வாருங்கள். அந்தப் பதில்கள் இதுவரை எந்த அறிக்கையிலும் என் கண்ணில் படவில்லை.