கண்டிச் சீமைக்குப் போன உபதேசியார்கள்



மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். இன்ஜினியருக்குச் சரித்திரம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். நான் நாகலூர்க்காரன். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவன். நம் காப்பியின் கதையைத் தேடிப் போனபோது, ஓர் ஊழியப் பயணத்தின் கதையும் கூடவே கிடைத்தது.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன்தான் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தவர். ஏறக்குறைய அதே சமயம் இலங்கையில் கண்டி மலைகளிலும் வெள்ளைக்காரத் துரைமார் காப்பி போட ஆரம்பித்தார்கள். கூலி வேலைக்கு நம் தமிழ் ஜில்லாக்களிலிருந்து ஏழை ஜனங்கள் கிளம்பினார்கள். ராமேஸ்வரம் பக்கம் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடை. காய்ச்சலிலும் காலராவிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அந்த ஊருக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் கண்டிச் சீமை.

இங்கிலாந்தின் சி.எம்.எஸ். மிஷனரிகள் 1818-லேயே இலங்கைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் தோட்டத் தமிழர்களுக்கென்று தனி ஊழியம் தொடங்கியது 1854-ல்தான். அதன் பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. அதற்குத் துரைமார் சந்தா கொடுத்தார்கள். ஊழியத்துக்கு ஆள்? திருநெல்வேலிச் சபையிலிருந்து தமிழ் உபதேசியார்கள் கடல் தாண்டிப் போனார்கள். திருநெல்வேலியில் பணியாற்றிய செப்டிமஸ் ஹாப்ஸ் ஐயர் பின்னர் அந்த மிஷனின் பொறுப்பை ஏற்றார்.

தோட்டம் தோட்டமாக நடப்பதுதான் உபதேசியாரின் வேலை. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில், ஆட்கள் மலை ஏறுவதற்கு முன் நாலு வார்த்தை. சாயங்காலம் லயத்து வாசலில் வாசிப்பும் ஜெபமும். மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. கூலிக்காரரின் பாஷையே அவர் பாஷை. ஆனால் ஒரு சங்கடம் பாருங்கள். தோட்டத்துக்குள் நுழையத் துரையின் அனுமதி வேண்டும். மிஷனுக்குப் பணமும் துரையிடமிருந்து வரவேண்டும். அப்படியிருக்க, கங்காணியிடம் கடன்பட்டுத் தவிக்கிறவனுக்காகத் துரையிடம் எவ்வளவு தூரம் வாய் திறக்க முடியும்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அடுத்து வந்தது பெரிய இடி. 1869-ல் இலங்கைக் காப்பியில் இலைத்துரு நோய் தென்பட்டது. 1880-ல் வந்து ஆராய்ந்த மார்ஷல் வார்டு, நோய்க்குக் காரணமான பூஞ்சையின் வித்துக்கள் காற்றில் பரவுவதைக் காட்டினார். மலை மலையாகக் காட்டை வெட்டி ஒரே பயிரைப் போட்டிருந்தார்கள். காற்றைத் தடுக்க இடையில் காடு இல்லை. ஒற்றைத் தூணில் நிறுத்திய கட்டிடம் மாதிரி எல்லாம் சரிந்தது. காப்பி போய்த் தேயிலை வந்தது. நம்ம ஊர்த் தோட்டங்களில் சில்வர் ஓக் நிழலும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் இருப்பதன் அருமை இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த வெட்டுக்குத் தப்பிய காடுகள் சில, 2010-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின.

காட்டைப் போலவே ஜனங்களும் அடிபட்டார்கள். 1948-ன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003-ல்தான் சட்டப்படி குடியுரிமை கிடைத்தது.

இன்று மடகாஸ்கர் போன்ற ஏழைத் தீவுகளுக்குப் பத்து நாள் ஊழியப் பயணம் போகிறவர்கள் உண்டு. ஏழ்மையையும் பார்க்கிறார்கள், அபூர்வமான காட்டையும் பார்க்கிறார்கள். போகட்டும், நல்ல காரியமே. இப்போது படிக்கும் தம்பி தங்கைகளிலும் சிலர் நாளை போகலாம். அவர்களுக்கு இந்த அண்ணன் சொல்வது இவ்வளவுதான். அந்த ஜனங்களின் பாஷையில் பத்து வார்த்தையாவது கற்றுக்கொண்டு போங்கள். செலவுக்குப் பணம் கொடுப்பது யார் என்று விசாரியுங்கள். அந்தக் காட்டை வெட்டியது யார், வெட்டிய கூலிக்காரனுக்கு என்ன மிஞ்சியது என்றும் கேளுங்கள். லயம் லயமாக நடந்த அந்த உபதேசியார்களில் ஒருவர் பெயரைக்கூட நம்மில் யாரும் அறியோம். அவர்கள் நடந்த நடையையாவது மறக்காமல் இருப்போம்.