படகு நம்முடையது, மோட்டார் யாருடையது?



2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட் கிளம்பியது. இரண்டு செயற்கைக்கோள்களை விண்வெளியில் இணைக்கும் முயற்சி என்று எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினோம். அதே ராக்கெட்டின் நான்காம் அடுக்கில் இருந்த கணினிக்குள் ‘விக்ரம் 3201’ என்ற சிறிய சிப் ஒன்றும் போனது. அதன் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

வகுப்பில் ‘கணினியின் மூளை சி.பி.யூ.’ என்று நான் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த மூளையை யார் செய்கிறார்கள் என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது என் குறைதான். பழவேற்காட்டில் படகை நாம் கட்டுவோம், ஆனால் மோட்டார் வெளியிலிருந்து வரும். உதிரிபாகம் கிடைக்காவிட்டால் நல்ல படகும் கரையில்தான் கிடக்கும். கணினி விஷயமும் அப்படியே.

1980களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு ஒரு சக்திவாய்ந்த ‘க்ரே’ சூப்பர் கம்ப்யூட்டர் வாங்க நினைத்தோம். அமெரிக்கா தர மறுத்தது. வானிலை ஆய்வுக்கு மட்டும், அதைவிடச் சிறிய ஒன்றை, ஆயிரம் நிபந்தனையோடு கொடுத்தது. அதனால் 1988ல் புனேயில் சி-டாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் 1991ல் ‘பரம் 8000’ வந்தது. நமக்கு அது பெரிய பெருமை.

ஆனால் அதன் உள்ளே இருந்த ‘டிரான்ஸ்ப்யூட்டர்’ சிப், பிரிட்டனின் இன்மாஸ் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனி 1989லேயே கை மாறிவிட்டது. சில ஆண்டுகளில் அந்தச் சிப் வகையே வழக்கொழிந்தது. 1998ல் வந்த ‘பரம் 10000’ சன் கம்பெனியின் சிப்பில் ஓடியது. மோட்டார் மாறினால் படகின் அமைப்பையும் மாற்றியாக வேண்டும் அல்லவா? அதுபோல மென்பொருளையும் புதிய சிப்புக்கு ஏற்றபடி மாற்ற வேண்டியிருந்தது.

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் வந்ததல்ல. ஆப்பிள் கம்பெனியையே பாருங்கள். 1984ல் அவர்களுடைய மேக் கணினி மோட்டரோலா சிப்பில் ஓடியது. 1994ல் பவர்பிசி, 2006ல் இன்டெல் என்று மாறினார்கள். சிப் விற்பவர் தாமதித்தால் இவர்கள் கணினியும் தாமதம். 2008ல் ஒரு சிறிய சிப் கம்பெனியை வாங்கி, 2010ல் தங்கள் கைபேசிக்கான ‘ஏ4’ சிப்பைச் செய்தார்கள். பத்தாண்டு அதில் கை தேர்ந்த பிறகே 2020 நவம்பரில் ‘எம்1’ சிப்போடு கணினியையும் மாற்றினார்கள். அதுகூட அவர்கள் வடிவமைத்ததுதான். தயாரிப்பது தைவான் தொழிற்சாலை.

வடிவமைப்பது வேறு, தயாரிப்பது வேறு. இதைக் கவனத்தில் வையுங்கள்.

இப்போது ராக்கெட்டுக்கு வருவோம். பஞ்சாப் மாநிலம் மொகாலியில் அரசின் செமிகண்டக்டர் ஆலை 1984ல் உற்பத்தியைத் தொடங்கியது. 1989ல் தீ விபத்தில் எரிந்தது. மீண்டும் எழுந்து நிற்கவே பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் உலகம் வெகுதூரம் போய்விட்டது. பின்னர் அந்த ஆலை விண்வெளித் துறையின் கீழ் வந்தது. அங்கே செய்த 16-பிட் ‘விக்ரம் 1601’ சிப் 2009 முதல் நம் ராக்கெட்டுகளில் பறக்கிறது. அதன் தம்பிதான் 32-பிட் ‘விக்ரம் 3201’. வடிவமைப்பில் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், தயாரிப்பு மொகாலி. அதற்கான கட்டளைத் தொகுதியும் மென்பொருள் கருவிகளும்கூட நம்முடையவையே.

இது 180 நானோமீட்டர் தொழில்நுட்பம். எம்1 சிப்போ 5 நானோமீட்டர். ‘இவ்வளவு பழசா?’ என்று சிலர் சிரிக்கலாம். முகத்துவாரம் தாண்டி அலையில் போகும் படகுக்கு வேகம் முக்கியமா, நடுக்கடலில் நின்றுவிடாமல் இருப்பது முக்கியமா? மைனஸ் 55 டிகிரி குளிரிலும் 125 டிகிரி வெப்பத்திலும் அந்தச் சிப் வேலை செய்ய வேண்டும். ராக்கெட்டுக்கு அதுதான் தேவை. ஆனால் நம் கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் வேண்டிய சிப்பை இங்கே தயாரிக்க இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நம் சென்னையிலும் வேலை நடக்கிறது. ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் ‘சக்தி’ சிப்புகளை வடிவமைத்தார்கள். 2018ல் ஒன்று அமெரிக்காவிலுள்ள இன்டெல் ஆலையிலும், இன்னொன்று மொகாலியிலும் தயாரானது. யாரும் உரிமைத் தொகை கட்டாமல் பயன்படுத்தக்கூடிய ‘ரிஸ்க்-ஃபைவ்’ என்ற பொதுக் கட்டளைத் தொகுதியில் அமைந்தவை இவை. 2025ல் இஸ்ரோவோடு சேர்ந்து ‘ஐரிஸ்’ என்ற சிப்பையும் செய்தார்கள்.

ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று நம் ஏரிக்கரைக் குப்பங்களுக்கு அறிவிப்பு வரும். அன்றைய வலையை மடித்துவிட்டு வானத்தைப் பார்க்கும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, மேலே போகும் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் கடமை நமக்கு உண்டு. எலக்ட்ரானிக்ஸ் படித்து வேலையில் இருக்கும் என் மாணவர்களே, ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் நம் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுங்கள். ‘இதை யார் செய்கிறார்கள்?’ என்று கேட்க அவர்களுக்குக் கற்றுக் கொடுங்கள். நான் விட்ட பாடத்தை நீங்கள் முடித்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்