தொகுதியும் பாடும்: பழவேற்காட்டு மீனவர் பிரதிநிதித்துவம்

பழவேற்காட்டைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்கள் பொன்னேரி சட்டமன்றத் தொகுதியில் அடங்கும். 1957 தேர்தலில் இது இரட்டை உறுப்பினர் தொகுதி; ஓர் இடம் பொது, மற்றது பட்டியல் சாதியினருக்கு உரியது. இரட்டை உறுப்பினர் முறையை 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. பின்னர் பொன்னேரி தனித்தொகுதியாயிற்று. 2008 மறுவரையறைக்குப் பிறகும் அப்படியே நீடிக்கிறது. அந்த மறுவரையறையில் மீண்டும் உருவான திருவள்ளூர் மக்களவைத் தொகுதியும் தனித்தொகுதிதான். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி அங்கே போயிற்று. அக்கரையின் சூலூர்பேட்டையும் தனித்தொகுதியே.

இக்குப்பங்களின் மீனவச் சாதியினரான பட்டினவர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவர்கள். ஆகவே பொன்னேரியில் அவர்கள் வாக்களிக்கலாம், வேட்பாளராக நிற்க இயலாது. பழங்குடியினரான இருளர் நிலையும் அதுவே. தெற்கே பொதுத் தொகுதிகளான திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் வென்ற மீனவச் சமூகத்தினரான கே.பி.பி. சாமியும் டி. ஜெயக்குமாரும் மீன்வளத் துறை அமைச்சர்களாகவும் இருந்தனர். இதைக் காட்டித் தனித்தொகுதியைக் குறை சொல்வது தவறு. நூற்றாண்டுகளின் தீண்டாமைக்கு அது மிகக் குறைந்த ஈடு. கரையோரமாக நீண்டு சிதறிய ஒரு தொழிற்சமூகத்தை நிலப்பரப்பை அளந்து வகுக்கும் தொகுதி முறை திரட்டித் தருவதில்லை என்பதே உண்மையான சிக்கல்.

குப்பத்தின் அன்றாட ஆட்சி மரபான ஊர்ப் பஞ்சாயத்திடம் இருக்கிறது. அதன் அதிகாரம் துலங்குவது ‘பாடு’ எனப்படும் மீன்பிடி முறைவைப்பில். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் ஏரியின் நல்ல நீரிடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. நீரோட்டத்துக்குக் குறுக்கே கழி நட்டு வலை கட்டும் இடம் யாருக்கு என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். முறை வராதவர் அன்று அந்த இடத்தில் வலை கட்டக்கூடாது. மீறினால் ஊர் தண்டம் விதிக்கும். மணமான ஆண் தலைக்கட்டாகக் கணக்கில் சேர்கிறான்; உரிமையும் வரியும் அந்தக் கணக்கின்படியே. வலியவன் நல்ல இடத்தை நிலையாகப் பிடித்துக்கொள்ள முடியாதபடி செய்த இந்த ஏற்பாட்டின் நேர்மை மதிக்கத்தக்கது.

ஆனால் அந்த நேர்மைக்கும் ஒரு வேலி உண்டு. இதே ஏரியில் மீன்பிடிக்கும் பட்டியல் சாதியினருக்கு மரபுப்படி பாட்டில் பங்கில்லை. சட்டமன்றத்துக்கு நிற்கக்கூடியவர் பாட்டுக்கு வெளியே. பாட்டுக்கு உரியவர் சட்டமன்றத்துக்கு வெளியே. இடுப்பளவு சேற்றுநீரில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளப் பெண்களுக்கு இரண்டிலுமே இடமில்லை. பட்டினவப் பெண்கள் மீன் விற்றுக் குடும்பம் நடத்துபவர்கள். அவர்களும் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்ததில்லை.

1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் வந்த தேர்தல்கள் மூன்றாவது ஒரு மன்றத்தைத் தந்தன. 2016இல் அதில் பெண்களுக்கான பங்கு பாதியாக உயர்ந்தது. அந்த மன்றம் தெருவிளக்கையும் குடிநீரையும் கவனிக்கிறது; ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்பது அதன் தீர்மானத்துக்கு வருவதில்லை.