துப்பாக்கிக்கு வைத்த கண்

ஊசியில் நூல் கோக்கத் திணறுகிறவர்களுக்குத் துப்பாக்கிக்காரரின் சங்கடத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குறி பார்க்கும்போது மூன்று பொருள்கள் ஒரே கோட்டில் வந்தாக வேண்டும். கண்ணருகே ஒரு துவாரம், குழலின் நுனியில் முனைக்குறி, அப்பால் எங்கோ இலக்கு. மூன்றையும் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்க மனிதக் கண்ணால் ஆகாது. இருபது வயதுக் கண் எப்படியோ சமாளித்துவிடும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கோ முனைக்குறி புகைபோலக் கரைந்துவிடும். நான் துப்பாக்கி பிடித்தவனல்ல. ஆனால் வெள்ளெழுத்து எனக்குப் பழைய சிநேகிதம். அந்தச் சொந்தத்தில்தான் இந்தச் சரித்திரத்தைத் துருவப் போனேன்.

பரிகாரம் காட்டியது ஒரு சிலந்தி. 1630களின் கடைசியில், வில்லியம் காஸ்காயின் என்ற ஆங்கிலேய வாலிபர் இரண்டு கண்ணாடி வில்லைகளை வைத்துக்கொண்டு சூரியனை ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாய்க்குள் சிலந்தி இழுத்துவிட்ட இழை ஒன்று பளிச்சென்று தெரிந்தது. பிம்பம் விழுகிற இடத்திலேயே இழையும் இருந்தது. ஆகவே கண்ணுக்கு இரண்டும் ஒரே தூரத்துப் பொருளாகிவிட்டன. அந்த வாலிபர் 1644-ல் உள்நாட்டு யுத்தத்தில் மாண்டு போனார். சிலந்தி இழை மட்டும் நெடுங்காலம் வானநூல் கருவிகளில் குடியிருந்தது.

அது துப்பாக்கிக்கு வந்து சேர ஏறக்குறைய இருநூறு வருஷம் பிடித்தது. கும்பினிப் பட்டாளத்தில் உத்தியோகம் பார்த்த டேவிட்சன் என்ற அதிகாரி, துப்பாக்கியின் மேல் டெலஸ்கோப் வைப்பதில் முன்னோடிகளில் ஒருவர். 1855-ல் அமெரிக்காவில் சிராக்யூஸ் நகரத்து வில்லியம் மால்கம் இதை ஒரு தொழிலாகவே தொடங்கினார். குழல் நீளத்துக்குக் குழாய். பார்ப்பதற்குத் துப்பாக்கியின் முதுகில் இன்னொரு துப்பாக்கி ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

பந்தயக்காரர்கள் இதைக் கொண்டாடியிருக்க வேண்டுமே? இல்லை, பல இடங்களில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். 1874-ல் நியூயார்க்கை அடுத்த கிரீட்மூரில் அயர்லாந்துக்காரர்களும் அமெரிக்கர்களும் 800, 900, 1000 கஜ தூரத்தில் மோதினார்கள். டெலஸ்கோப் கூடாது என்பது நிபந்தனை. அயர்லாந்து வீரர் மில்னர் நட்டநடுவில் அடித்தார், பக்கத்து இலக்கில்! அந்தக் குண்டுக்குப் பூஜ்யம். கடைசிக் குண்டு அமெரிக்கரான கர்னல் போடைனுக்கு. சற்று முன்புதான் இஞ்சி பானப் புட்டி உடைந்து அவர் கையைக் கிழித்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்துச் சுட்டார். 934-க்கு 931 என்று அமெரிக்கா ஜெயித்தது.

கையோடு கண்ணையும் சோதிப்பதே பந்தயம் என்பது அவர்கள் வாதம். ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் இன்றும் அதே சட்டம்தான். 2008-ல் பெய்ஜிங்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ரா, 0.5 மில்லிமீட்டர் நடுப்புள்ளியைத் துவாரத்தின் வழியாகத்தான் குறி வைத்தார். அவருக்கு நமஸ்காரம். ஆனால் கண் மங்கியவன் காற்றைக் கணிக்கும் வித்தையையும் சேர்த்து மறந்துவிடுகிறானா? கனடாவில் ஜார்ஜ் ஃபார்குவார்சன் என்ற முதியவர் இப்படித்தான் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. டெலஸ்கோப்பும் துப்பாக்கிக்கு ஒரு தாங்கலும் அனுமதிக்கும் பிரிவு அவர் முயற்சியில் பிறந்தது. அவர் பெயரின் முதலெழுத்தே அதற்குப் பெயர், ‘எஃப்’ வகுப்பு. இப்போது அதற்கு உலகப் போட்டிகளே நடக்கின்றன, வாலிபர்களும் சுடுகிறார்கள்!

அங்கே டெலஸ்கோப் வாங்கப் போகிறவருக்குப் புத்திசாலித்தனம் நிறைய வேண்டும். உருப்பெருக்கம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்றுதான் நமக்குத் தோன்றும். நாற்பது மடங்கு பெருக்கினால் கானலும் நாற்பது மடங்கு பெருகும். உச்சி வெயிலில் இலக்கு கொதிக்கும் பால் மாதிரி பொங்குவதைப் பார்த்து, பெருக்கத்தைக் குறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. கானல் சத்துரு மட்டுமல்ல; அது சாயும் பக்கத்தைப் பார்த்துத்தான் காற்றின் போக்கையும் படிக்கிறார்கள். எடையும் கணக்கில் சேரும்: ஒரு பிரிவில் டெலஸ்கோப் உட்பட 10 கிலோ, இன்னொன்றில் 8.25 கிலோ, அதற்கு மேல் போகக் கூடாது. குறுக்கிழை தடித்திருந்தால் 1000 கஜத்தில் நடுப்புள்ளியையே மறைத்துவிடும்.

திருகு ஒரு ‘டிக்’ நகர்ந்தால் குண்டு எட்டில் ஒரு கலை நகரும். 1000 கஜத்தில் அது சுமார் 1.3 அங்குலம். திருகு சொன்ன சொல் காப்பாற்றுகிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒரு குண்டு சுட்டு, மேலே இத்தனை ‘டிக்’, வலது பக்கம் அத்தனை, கீழே, இடது பக்கம் என்று திருகித் திருகிச் சுட்டுச் சதுரம் போடுவார்கள். கடைசிக் குண்டு முதல் துளையிலேயே வந்து விழ வேண்டும். விலை உயர்ந்த கண்ணாடியும் இதில் தோற்பதுண்டு.

இன்னொரு சோதனைக்குத் தோட்டாவே வேண்டாம். துப்பாக்கியை அசையாமல் மூட்டையில் சாய்த்து, தலையை மட்டும் இப்படியும் அப்படியும் லேசாக நகர்த்திப் பார்க்க வேண்டும். இலக்கின் மேல் இழை ஊர்ந்தால், பிம்பம் ஒரு இடத்திலும் இழை வேறிடத்திலும் நிற்கின்றன என்று அர்த்தம். பக்கத்திலுள்ள திருகைத் திருப்பி இரண்டையும் சிலந்தி வைத்த இடத்துக்கே கொண்டுவர வேண்டும்.