பொங்கல் டெஸ்ட்: காலண்டர் சேர்த்த கூட்டம்

சேப்பாக்கத்துக்கு அந்தக் காலத்துல கூட்டம் சேர்த்தது கவாஸ்கரா, விஸ்வநாத்தா, வெஸ்ட் இண்டீஸ்காரங்களான்னு பெருசுங்க இன்னும் சண்டை போடுவாங்க. என் ஓட்டு சுவத்துல தொங்குற தினசரி காலண்டருக்குத்தான் :-)

கணக்கு பாருங்க. 1961, 64, 67, 73, 75, 77, 79, 80, 82, 85, 88. இத்தனை தடவையும் மெட்ராஸ் டெஸ்ட் ஜனவரி நடுவுலதான். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரியில மழையும் விட்டுடும், வெயிலும் ஏறாது. அதைவிட முக்கியம், அஞ்சு நாள் ஆட்டம் பார்க்க லீவு வேணுமே? போகி தொடங்கி காணும் பொங்கல் வரை அது தானா அமைஞ்சுடுது. பள்ளிக்கூடம் கிடையாது, ஆபீஸ் கிடையாது. வெளியூர் சொந்தக்காரங்களும் வீட்டுல.

1975 ஜனவரியில விஸ்வநாத் ஆண்டி ராபர்ட்ஸை எதிர்த்து 97 நாட் அவுட் அடிச்சாரே, அப்போ மெட்ராஸ்ல தூர்தர்ஷனே வரலை. அது வந்தது அந்த வருஷம் ஆகஸ்ட் 15. ஆக, ரேடியோ கேட்கணும், இல்லைன்னா டிக்கெட்டுக்கு வரிசையில நிக்கணும். 1982-ல பொங்கல் அன்னைக்கு நாள் முழுக்க இந்தியாவுக்கு ஒரு விக்கெட் கூட விழலை. விஸ்வநாத்தும் யஷ்பால் சர்மாவும் இங்கிலாந்துக்காரங்களை வெயில்ல காயப்போட்டாங்க. விஸ்வநாத் அந்த இன்னிங்ஸ்ல 222. வீட்டுல சர்க்கரைப் பொங்கலை முடிச்சுட்டு கிரவுண்டுக்கு ஓடினவங்களுக்கு இதைவிட என்ன வேணும்?

லீவைப் பார்த்து ஆட்டம் வைக்கிறது நாம கண்டுபிடிச்சதில்லை. இங்கிலாந்துல 1850 தொழிற்சாலைச் சட்டம் துணி மில்களை சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மூட வச்சது. மெல்ல அந்த அரைநாள் லீவு மத்த தொழில்களுக்கும் பரவ, சனிக்கிழமை சாயங்காலமே ஆட்டத்துக்கான நேரமாப் போச்சு. ரக்பி லீக் பொறந்ததே இந்த சம்பள விஷயத்துலதான். ஆடப்போனா போற கூலியைக் கொடுன்னு வடக்கு இங்கிலாந்து கிளப்புங்க 1895-ல தனியாப் பிரிஞ்சுது. நூறு வருஷம் குளிர்காலத்துல ஆடிட்டு, 1996-ல கோடைக்கு மாறினாங்க. அங்கே டிவி பணமும் ஒரு காரணம்.

இங்கேயும் டிவிதான். கிரிக்கெட் போர்டோட சுழற்சி முறையும் சேர்ந்துக்கிச்சு. ஹிர்வானி 16 விக்கெட் எடுத்த 1988-தான் கடைசி பொங்கல் டெஸ்ட். அப்புறம் கிடைச்ச தேதியில ஆட்டம். 2004 அக்டோபர்ல ஆஸ்திரேலியாவை ஜெயிக்க 210 ரன் பாக்கி, கையில பத்து விக்கெட், கடைசி நாள் முழுக்க மழை. 2005 டிசம்பர்ல இலங்கை வந்தப்பவும் பெரும்பகுதி மழைதான். மழைக்காலத்துல வச்சா வேற என்ன நடக்கும்! நியாயமாச் சொல்லணும்னா, 1999-ல பாகிஸ்தான் டெஸ்ட் ஜனவரி கடைசியில, பொங்கல் முடிஞ்சுதான் நடந்தது. சச்சின் 136 அடிச்சும் 12 ரன்ல தோத்தோம், ஆனா கூட்டத்துக்குக் குறைவில்லை. எதிராளி பாகிஸ்தான்னா காலண்டர் தேவையில்லை போல.

இப்போ ஐபிஎல் ராத்திரி ஏழரைக்கு. டவுன்ல ஆபீஸ் முடிச்சு வர்றவங்களுக்கு சரி. பென்னலூர், ஒரகடம் பக்கம் முதல் ஷிப்ட் ஆளு ராத்திரி பதினொன்றரைக்கு ஆட்டம் முடிஞ்சு, சேப்பாக்கத்துல இருந்து எந்த பஸ்ஸைப் பிடிச்சு வந்து, விடியக்காலை கம்பெனி பஸ்ல ஏறுவான்? அவனுக்கு வாய்ச்சது ஊர்ல பொங்கலுக்கு நடக்கிற கபடிதான். அதை நடத்துற பசங்க இன்னும் காலண்டர் பார்த்துத்தான் தேதி வைக்கிறாங்க.