ஈரக் காகிதமும் எங்கள் கடன் லெட்ஜரும்

நான் பத்தாவது வரை படித்தவள், வீட்டையும் குழுவையும் கவனித்துக்கொண்டு இருப்பவள். இந்த மலரில் எனக்குத் தெரிந்த ஒரு வரலாற்றை எழுதுகிறேன். அது காகிதத்தின் வரலாறு. ஏன் அதை எழுதுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஐப்பசி மழையில் எங்கள் ஊக்குநர் வீட்டு ஓடு ஒழுகி, பெட்டியில் இருந்த கடன் லெட்ஜர் ஊறிப்போச்சு. பேங்க் பாஸ்புக்கில் குழுவின் மொத்தக் கணக்குதான் இருக்கும். யார் எத்தனை தவணை கட்டினார்கள் என்பது அந்த லெட்ஜரில் மட்டும்தான். 14 தவணை கட்டியிருந்த ஒரு அக்கா அழுதுகொண்டே பக்கங்களைப் பிரிக்கப் போனார். "அக்கா, கை வைக்காதீங்க! ஈரத்துல இழுத்தா போயிடும்" என்று கத்திவிட்டேன்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, பனியன் வெட்டுத்துணியில் கைக்காகிதம் செய்யும் பயிற்சிக்குப் போயிருந்தேன். துணியை அரைத்த கூழைத் தொட்டித் தண்ணீரில் கலக்கி, சல்லடைச் சட்டத்தால் அள்ளினால், பாலாடை மாதிரி ஒரு தாள் படியும். ஆசையில் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். கையோடு கூழாக வந்துவிட்டது. "காயிற வரைக்கும் அது காகிதம் இல்லம்மா" என்றார் சொல்லிக்கொடுத்த அக்கா.

அதே பருத்தித் துணியை நனைத்து முறுக்கிப் பிழிகிறோம், கிழிவதில்லை. நூலில் முறுக்கு இருக்கிறது, துணியில் நெசவு இருக்கிறது. காகிதத்தில் இரண்டும் இல்லை. நார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, அவ்வளவுதான். நடுவில் உள்ள தண்ணீர் வற்ற வற்ற நார்களை நெருக்கி இழுக்கிறது. முழுக்கக் காய்ந்ததும் அவை பசை இல்லாமலே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. மறுபடி தண்ணீர் புகுந்தால் அந்தப் பிடி விட்டுப்போகிறது. நன்றாக நனைந்த சாதாரணக் காகிதத்தில், காய்ந்த பலத்தில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சுவதே கஷ்டம்.

யோசித்துப் பார்த்தால், காகிதத்தின் வரலாறே இந்த ஈரத்தாளைக் கிழியாமல் கரை சேர்த்த கதைதான்.

கி.பி. 105-இல் சீன அரண்மனை அதிகாரி சாய் லுன், மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை இவற்றிலிருந்து காகிதம் செய்யும் முறையை அரசருக்குத் தெரிவித்தார். அங்கே ஈரத்தாளைச் சுவரில் ஒட்டிக் காயவைத்தார்கள். சுவரே தாளைத் தாங்கியது. ஐரோப்பாவில் தாளுக்குத் தாள் நடுவில் கம்பளித்துணி வைத்து அடுக்கி, மரத் திருகால் நெருக்கித் தண்ணீரைப் பிழிந்த பிறகே தாளைக் கையில் எடுத்தார்கள். இத்தாலியின் ஃபாப்ரியானோ ஊரில் 13-ஆம் நூற்றாண்டில், காய்ந்த தாளை விலங்குத் தோலில் காய்ச்சிய பசையில் முக்கி மறுபடி உலர்த்தினார்கள். நாம் சேலைக்குக் கஞ்சி போடுவது மாதிரி. அதனால் மை ஊறவில்லை, ஈரமும் சட்டென்று இறங்கவில்லை.

1799-இல் பிரான்சில் நிக்கோலா லூயி ரோபேர், நீளமான தாள் செய்யும் இயந்திரத்துக்கு உரிமம் வாங்கினார். அதிலும் தாள் ஈரமாகத்தான் வெளியே வந்தது, எடுத்துத் தொங்கவிட்டுத்தான் காயவைத்தார்கள். நீராவியால் சூடேறும் உருளைகள் 1820 வாக்கில் இங்கிலாந்தில் வந்த பிறகே, தாள் இயந்திரத்திலேயே காய்ந்தது. இன்றைய மில்களிலும் கம்பி வலையை விட்டு இறங்கும் தாளில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான். அது அறுந்துபோகும் பயம் அந்த இடத்தில்தான் அதிகம்.

மில் காகிதம் பெருகியதும் நம் நாட்டுக் கைக்காகிதம் நசிந்தது. 1934-இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. வார்தாவில் இருந்த அந்தச் சங்கத்தின் செயலாளர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. நான் கற்றுக்கொண்ட தொழிலும் அந்த வழியில் வந்ததுதான்.

இனி எங்கள் லெட்ஜருக்கு வருகிறேன். பக்கங்களைப் பிரிக்காமல், பழைய வேட்டித் துணியில் சுற்றி, மேலே பலகை வைத்து மெதுவாக அழுத்தினோம். துணி நனைய நனைய மாற்றினோம். பிறகு நிறுத்தி வைத்து மின்விசிறியைப் போட்டோம். பாதி காய்ந்ததும், தானாக விலகிய இடங்களில் மட்டும் துணித்துண்டு செருகினோம். அந்த அக்கா மூன்று நாளும் எங்களோடேயே இருந்தார். "இப்பப் பிரிக்கலாமா, இப்பப் பிரிக்கலாமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாலாம் நாள் பக்கங்கள் அப்பளம் மாதிரி நெளிந்து திறந்தன. மைப்பேனாக் கையெழுத்துகள் நீலமாகப் பரவிவிட்டன. பால்பேனாவில் எழுதிய கணக்கு அப்படியே இருந்தது. 14 தவணையும் இருந்தது.

உங்கள் குழுப் புத்தகம் எப்போதாவது நனைந்தால் பதறி இழுக்காதீர்கள். கணக்கைப் பால்பேனாவில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை நகல் எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். அந்த அக்கா மீதித் தவணைகளையும் அதே நெளிந்த லெட்ஜரில்தான் கட்டி முடித்தார்.