பட்டியும் டிங்கரிங்கும்: ஒரு கைத்தொழில் கற்பிக்கப்பட்ட வரலாறு

நொச்சிக்குப்பத்துக் கரையில் கண்ணாடியிழைப் படகின் வெடிப்பைப் பிசின் வைத்து அடைப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். மோதி நசுங்கிய காரின் பள்ளத்தை நிரப்பும் 'பட்டி'யும் அதே பாலியெஸ்டர் பிசின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். உப்புக்காற்று தகட்டை அரிக்கும் இக்கடலோர நகரில் இரண்டு வேலைகளுக்கும் ஓய்வில்லை. ஒரு பழைய கதையைப் புதுப்பித்து எழுதினால் 'பட்டி டிங்கரிங் பார்த்திருக்கிறார்' என்று எள்ளி நகையாடுகிறோம். அச்சொல்லை நமக்குத் தந்த தொழிலின் வரலாற்றையோ நாம் கேட்டதில்லை.

சென்னையில் இத்தொழிலின் வேர் குதிரை வண்டியில் இருக்கிறது. 1840இல் தோன்றிய சிம்ப்சன் நிறுவனம் கோச்சு வண்டி கட்டுவதில் புகழ்பெற்றது. அங்கேதான் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். தொடக்ககாலக் கார்களின் உடல் பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்தியது. எனவே தச்சரும் கொல்லரும் வர்ணம் பூசுவோருமே அதன் முதல் வைத்தியர்கள். அன்றைய வார்னிஷ் பூச்சு உலர்ந்து முடிய வாரங்கள் பிடித்தன. 1920களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த 'டூக்கோ', தெளிப்புத் துப்பாக்கியால் அடிக்கத்தக்கதாய், விரைந்து உலர்வதாய் அமைந்தது. அந்த வணிகப் பெயர் இன்றும் நம் பட்டறைகளில் ஒரு தொழிலின் பெயராக வழங்குகிறது.

'டிங்கர்' என்ற சொல்லின் பயணமும் சுவையானது. ஆங்கிலத்தில் அது ஊர்ஊராய்த் திரிந்து ஓட்டைப் பாத்திரம் அடைப்பவரைக் குறித்தது. பாலியெஸ்டர் பட்டி வருவதற்கு முன் காரின் பள்ளங்களையும் ஈயக் கலவையை உருக்கி நிரப்பினார்கள் என்பதை எண்ணினால், பெயர் எத்தனை பொருத்தமாய் வந்து ஒட்டிக்கொண்டது என்பது விளங்கும்.

இத்தொழிலுக்கு நெடுங்காலம் பாடநூல் இல்லை, பட்டறையே பள்ளி. சேரும் பையன் முதலில் வாட்டர் பேப்பர் தேய்ப்பான். பின்னர் சுத்தியலும் டாலியும் கைக்கு வரும். தகட்டின் பின்னால் டாலியைத் தாங்கி முன்னால் தட்டும்போது எழும் ஓசையைக் கொண்டு, அடி சரியாக விழுந்ததா என்று அறிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளத்தை உள்ளங்கை சொல்லும். இந்த அறிவை நாம் போற்றலாம். ஆனால் அது பெரும்பாலும் பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் ஊட்டப்பட்டது என்பதை மறைக்கலாகாது. பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ஏறத்தாழ முற்றிலும் தடைசெய்தது.

அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. இன்று தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான பாடத்திட்டத்தில் வாகன உடல் பழுதுநீக்கலும் வாகன வர்ணப்பூச்சும் தனித்தனி ஓராண்டுப் படிப்புகள். உலகத் திறன் போட்டிகளிலும் இவை இரண்டும் தனித்தனிப் பிரிவுகள்.

இப்படிப்பின் தேவையை உலோகமே உண்டாக்கிவிட்டது. அம்பாசிடரின் தடித்த தகட்டை நெருப்பில் காட்டி நிமிர்த்தலாம். இன்றைய கார்களின் தூண்களில் உள்ள உயர்வலு எஃகைச் சூடாக்கினால் அதன் வலு குன்றும். வெளியே வழுவழுப்பாகத் தோன்றும் வண்டி, அடுத்த மோதலில் உள்ளிருப்பவரைக் காவாது போகலாம். இவ்வளவு மட்டும் இத்தட்டில் வெப்பம் கூடாது என்பதை உள்ளங்கை சொல்லாது. உற்பத்தியாளரின் கையேடுதான் சொல்லும். பூசுபவரின் உடலுக்கும் கேடுண்டு. இருகூட்டுப் பாலியூரிதேன் பூச்சிலுள்ள ஐசோசயனேட்டுகள் தீராத ஆஸ்துமாவை வருவிக்கக்கூடியவை. மூக்கில் கட்டும் கைக்குட்டை அவற்றைத் தடுக்காது.

ஆகவே கைப்பழக்கமா, சான்றிதழா என்று வழக்காடுவது வீண். 2015இல் தொடங்கிய பிரதம மந்திரியின் திறன் மேம்பாட்டுத் திட்டம், முன்பே கற்ற திறனைச் சோதித்துச் சான்று தரவும் வழிவகுத்தது. அவ்வழி இருபுறமும் திறந்திருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. பட்டறையில் முடிநரைத்த ஆசான் கையேட்டைக் கற்கட்டும். பயிற்சி நிலைய மாணவன் அவருடைய உள்ளங்கையைக் கற்கட்டும். அந்தக் கையேடு தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்பது, தமிழ் படித்த நம்மைப் போன்றோரின் கடன்.